சிவப்பு மருந்து காலமானது

மெர்க்குரோகுரோம் என்கிற சிவப்பு மருந்து மறைந்துவிட்டது. பிறப்பு 1919, அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்தது. சாவுக்குக் காரணம் பாதரசம். ஒரே அலமாரியில் கூடக் குடியிருந்தவர்கள்: ஊதா நிற ஜென்ஷன் வயலட், மஞ்சள் நிற அக்ரிஃப்ளேவின், எரிச்சலுக்குப் பேர்போன டிங்சர் அயோடின். இவர்களிலும் பலர் போய்ச் சேர்ந்தாயிற்று, மிச்சம் பேர் போகிற வழியில் இருக்கிறார்கள். வாரிசு ஒருவர் உண்டு. அவர் பம்பாயில் வளர்ந்தவர். கம்பம் பள்ளத்தாக்குக்கு அவர் இன்னும் உரியபடி வந்து சேரவில்லை என்பதால் இந்த இரங்கலில் பாதி அவரைப் பற்றியதாக இருக்கும்.

பொட்டிப்புரம், தேவாரம், கோம்பை என்று பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்து ஊர்களில் தழும்பு இல்லாத காலைப் பார்ப்பது கடினம். விடியுமுன்னே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும். தோட்டத்தில் அட்டை. புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டு இறங்கினாலும் எங்காவது ஒன்று ஏறிவிடும். அட்டை கடிப்பது வலிக்காது. விழுந்த பிறகு ரத்தம் நிற்காது. ரத்தம் நின்ற பிறகு அரிப்பு நிற்காது. சொறிந்த இடம் நக அழுக்கோடு சேர்ந்து புண்ணாகும். கீழே திராட்சைப் பந்தலில் கம்பி கிழிக்கும், கவாத்துக் கத்தரி விரலைப் பதம் பார்க்கும். மானாவாரிக் காட்டில் கருவேல முள். வீட்டில் சோறு வடிக்கிற கஞ்சி. வயதானவர்களுக்கு இதெல்லாம் எதுவுமே வேண்டாம், சர்க்கரை ஒன்றே போதும். செருப்பு கடித்த இடம் குழியாகிவிடும்.

இந்தப் புண்களெல்லாம் ஒரு காலத்தில் போய் நின்ற இடம் கம்பவுண்டர் அறை. டாக்டர் அறைக்குப் பின்பக்கம், ஜன்னலோரம் இரண்டு ஸ்டூல். ஒன்று உட்கார, இன்னொன்று காலைத் தூக்கி வைக்க. மேசை மேல் ஓரம் பெயர்ந்த எனாமல் கிட்னி டிரே, ஆவியில் வேகவைத்த துணிகள் அடைத்த ஸ்டீல் டிரம், வரிசையாகப் புட்டிகள். எந்தப் புட்டிக்குள் என்ன என்று படித்துப் பார்க்க வேண்டியதில்லை. கழுத்தில் வழிந்து காய்ந்த நிறமே சொல்லிவிடும். கம்பவுண்டர் ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றுவார், முக்குவார், புட்டியின் விளிம்பில் ஒரு தடவை அழுத்திப் பிழிவார், நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் தடவுவார். சிவப்பு மருந்து ரத்தத்தைவிடச் சிவப்பாக இருக்கும். காய்ந்த பிறகு காலைச் சாய்த்துப் பார்த்தால் ஓரங்களில் பச்சை மினுங்கும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பச்சையைக் காட்டிப் பெருமை பேசாத பையன் கிடையாது.

சிவப்பு மருந்து அடிப்படையில் ஒரு சாயம். ஃப்ளூரசின் என்றொரு சாயம் இருக்கிறது. ஒளி பட்டால் பச்சையாகச் சுடர்விடும். அதோடு புரோமினையும் பாதரசத்தையும் சேர்த்து உண்டாக்கியதுதான் மெர்க்குரோகுரோம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் சிறுநீரகத் துறை மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங் சிறுநீர்ப் பாதைக் கிருமிகளுக்கு மருந்து தேடியபோது இது அவர் கையில் சிக்கியது. சிறுநீர்ப் பாதையில் அது பெரிய சாதனை ஒன்றும் செய்யவில்லை. முழங்கால் சிராய்ப்புக்கு இறங்கிவந்து உலகப்புகழ் பெற்றது. பெனிசிலின் வருவதற்கு இருபது வருஷம் முந்திய காலம் என்பதை மறக்கக் கூடாது. கையில் வேறு பெரிய ஆயுதம் இல்லாத நாளில் இரண்டு சதவீதக் கரைசல் ஒன்று எல்லா வீட்டு மாடத்திலும் ஏறி உட்கார்ந்தது.

இறந்தவரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். அது எரியாது. இந்த ஒரு குணத்துக்காகவே அதற்கு ஒரு மாலை போடலாம். டிங்சர் அயோடினில் சாராயம் இருக்கும். வெட்டுக்காயத்தில் பட்டால் பெரிய ஆளே எழுந்து நிற்பார். சிவப்பு மருந்தோ தண்ணீரில் கரைந்தது. ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அழாமல் காலை நீட்டியது அந்தப் புட்டியைப் பார்த்துத்தான். மருத்துவத்துக்குப் பயப்படாமல் வருவது மருத்துவத்தில் பாதி. அந்தப் பாதியை அது செய்தது.

மீதிப் பாதியில் கோளாறு. முதலாவது, கிருமியைக் கொல்லும் திறன் குறைவு. வளரவிடாமல் கொஞ்ச நேரம் தடுக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, தோலைச் சிவப்பாக்கிவிடுவதால் புண்ணைச் சுற்றி உண்மையிலேயே சிவந்து வீங்கினால் கண்ணுக்குத் தெரியாது. சீழ் பிடிக்கிற அடையாளத்தையே சாயம் பூசி மறைக்கிற மருந்து என்றால் அதை என்ன சொல்ல? மூன்றாவது, பாதரசம். சின்னச் சிராய்ப்பில் அது உடலுக்குள் போவது சொற்பம். ஆனால் பச்சைக் குழந்தைகளின் வயிற்றுச் சுவர்க் குறைபாட்டில் பெரிய பரப்பில் தினமும் தடவியபோது ரத்தத்தில் பாதரசம் ஏறியதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. 1998-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பாதுகாப்பானது என்று ஒப்புக்கொண்ட மருந்துகளின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. 2013-ல் ஜப்பானில் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் கலந்த மேற்பூச்சுக் கிருமிநாசினிகளின் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதி எல்லாவற்றுக்கும் 2020-ஐக் கெடுவாக வைத்தது. இந்தியா 2018 ஜூன் 18 அன்று அந்த உடன்படிக்கையை உறுதி செய்தது. நம் கடைகளில் அதற்கு முன்னாலேயே பழுப்பு நிறப் போவிடோன் அயோடின் வந்து இடத்தைப் பிடித்திருந்தது. ஆகவே சாவு அறிவிப்பு வரும்போது ஆள் ஏற்கெனவே வீட்டுக்குள் படுக்கையில் விழுந்து வெகுநாள்.

இதுவரை சொன்னது சான்றிதழில் எழுதுகிற காரணம். என் தீர்ப்பு வேறு. சிவப்பு மருந்தின் பெரிய பாவம் பாதரசம் அல்ல. 'காஞ்சாத்தான் ஆறும்' என்ற கொள்கைக்கு அது கொடி பிடித்ததுதான்.

அந்தக் கொள்கையை நமக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. அப்பத்தா சொன்னது, கம்பவுண்டர் சொன்னது, டிரில் வாத்தியார் சொன்னது எல்லாம் ஒன்றே. "தண்ணி படக்கூடாது. காத்தாட விடு. பக்கு கட்டிருச்சுன்னா ஆறிருச்சுன்னு அர்த்தம்." கத்தரிக்காய், கருவாடு கூடாது என்பது உபரி. சிவப்பு மருந்தைத் தடவுவது, மேலே சல்ஃபா பவுடர் தூவுவது, வெயிலில் கொஞ்சம் காட்டுவது, கறுத்து இறுகிய பக்குக்காகக் காத்திருப்பது. பெரிய புண்ணாக இருந்தால் வலைத்துணியை மடித்து வைத்துக் கட்டு.

கட்டுப் போடுவது சுலபம். பிரிக்கிற நாள்தான் கொடுமை. கசிந்த நீரும் ரத்தமும் துணியின் இழைகளுக்குள் போய்க் காய்ந்து, துணியும் சதையும் ஒன்றாகிவிடும். கம்பவுண்டர் மேல்சுற்றுகளைப் பிரித்துக்கொண்டே வருவார். கடைசி மடிப்பு வராது. பெராக்சைடு ஊற்றுவார், நுரைக்கும். ஓரத்தைச் சாமணத்தால் பிடித்து, "ரெண்டே நிமிசம்டா தம்பி, பல்லைக் கடிச்சுக்க" என்று சொல்லி முடிக்குமுன் இழுத்துவிடுவார். புண் மறுபடி புதுசாக ரத்தம் விடும். அதைப் பார்த்து, "நல்லாச் செவந்திருக்கு, ஆறுது" என்பார். அவர் கருணையில்லாதவர் இல்லை. அந்தத் துணியோடு வந்தது முந்தின இரண்டு நாளில் முளைத்த இளந்தோல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க முடியும். ஏனென்றால் 1962-லேயே அது தெரிந்துவிட்டது. ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் லண்டனில் இளம் பன்றிகளின் முதுகில் ஆழமில்லாத காயங்கள் உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் காயவிட்டார், சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே மனிதத் தோலிலும் அதே போக்கைக் காட்டினார்கள். காரணம் கேட்டால் எளிமையாக இருக்கிறது. காயம் பட்டதும் ஓரத்துத் தோலின் உயிரணுக்கள் நடுவை நோக்கி ஊர்ந்து வர வேண்டும். ஈரமான பரப்பில் அவை வழுக்கிக்கொண்டு வரும். பக்கு கட்டிவிட்டால் மேலே வழி அடைபட்டுப் போகும். அப்புறம் மலைக்கடியில் சுரங்கம் குடைகிற கதைதான்: காய்ந்த சதைக்கும் உயிருள்ள சதைக்கும் நடுவே பிணைப்புகளைக் கரைத்துக் கரைத்து, அடியில் வழி உண்டாக்கிக்கொண்டு, மெல்லத்தான் வர முடியும். பக்கு என்பது ஆறியதற்கு அடையாளம் அல்ல, ஆறுவதற்கு வந்த தடை.

நம் முன்னோர் இதைக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஊமத்தை இலைச்சாறும் துருசும் தேங்காயெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிற மத்தன் தைலத்தைச் சித்த வைத்தியர்கள் ஆறாத புண்ணுக்குப் பச்சைப் பசேலென்று துணியில் தோய்த்து வைப்பார்கள், புண் காயாது. கற்றாழைச் சோற்றை வழித்து வைத்தாலும் காயாது. தீக்காயம் பட்டவரை வாழையிலையில் கிடத்துவது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். இலை ஒட்டாது, சதையைப் பிய்க்காது. இதெல்லாம் வெறும் பாட்டி வைத்தியம் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். பம்பாய் வாடியா குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் கேஸ்வானி, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் தீக்காயக் கட்டாகப் பயன்படுத்தி, 1985-ல் தீக்காய மருத்துவ ஏட்டில் எழுதினார். அதே நகரத்தில் டாக்டர் மாதுரி கோரே வாழையிலைக் கட்டை உருளைத் தோல் கட்டோடு ஒப்பிட்டு, இலை அதற்குக் குறைந்ததில்லை, செலவோ மிகக் கம்மி என்று 2003-ல் காட்டினார். இடையில் வந்த சிவப்பு மருந்தும் பவுடரும்தான் நம்மைக் காயவைக்கிறவர்களாக மாற்றின. நவீனம் என்று நினைத்து நாம் பின்னுக்குப் போன இடங்களில் இது ஒன்று.

இனி வாரிசு. பெயர் ஹைட்ரோஜெல். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மிச்சம் ஒரு பங்கு, அந்தத் தண்ணீரைச் சிந்தாமல் பிடித்து வைக்கிற நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளின் வலை. 1960-ல் பிராக் நகரத்தில் ஓட்டோ விக்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லீமும் உடம்புக்கு ஒத்துப்போகிற இப்படியொரு பொருளை உண்டாக்கியதாக அறிவித்தார்கள். 1961 கிறிஸ்துமஸ் சமயம் விக்டர்லே தன் மகனின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டிச் சாமான்களை வைத்து வீட்டிலேயே இயந்திரம் செய்து அதிலிருந்து மென்மையான கான்டாக்ட் லென்ஸ் வார்த்தெடுத்த கதை பிரசித்தம். கண்ணுக்குப் போனது புண்ணுக்கு வரக் கொஞ்ச நாள் ஆயிற்று. போலந்தின் ஊட்ஜ் நகரில் யானுஷ் ரோஸியாக் என்ற வேதியியலாளர் 1980-களில் அதற்கு ஒரு சுருக்குவழி கண்டார். பாலிவினைல் பைரோலிடோன், கொஞ்சம் அகர், கொஞ்சம் பாலிஎத்திலீன் கிளைக்கால், மீதி தண்ணீர். சூடாகக் கலந்து தட்டில் ஊற்றினால் ஆறும்போது அகர் அதற்கு ஒரு வடிவம் கொடுக்கும். தட்டை அப்படியே உறையில் போட்டு ஒட்டி, கதிர்வீச்சில் காட்டினால் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். உள்ளே இருக்கிற கிருமியும் அதே வீச்சில் சாகும். வலை பின்னுவதும் தூய்மையாக்குவதும் ஒரே வேலையில் முடிந்தது. அந்தப் பைரோலிடோன் வேறு யாருமல்ல, சிவப்பு மருந்தின் இடத்தைப் பிடித்த பழுப்பு மருந்தில் அயோடினைத் தூக்கிச் சுமக்கிற அதே போவிடோன்.

சர்வதேச அணுசக்தி முகமை இந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. இந்தியாவில் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் தன் பங்குக்கு ஒரு ஜெல்லை உருவாக்கியது. இங்கே முதுகெலும்பு பாலிவினைல் ஆல்கஹால். துணைக்கு அகரும் காரஜீனனும், இரண்டும் கடற்பாசியிலிருந்து வருபவை. ராமநாதபுரம் கரையில் பெண்கள் மூழ்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசி தமிழ்நாட்டு அகருக்கு ஒரு மூலம். மதுரைப் பக்கத்து ஆலைகள் அதைக் காய்ச்சி அகராக்குகின்றன. அதே அகரில்தான் ஆய்வுக்கூடங்கள் கிருமியை வளர்க்கின்றன என்பது ஒரு வேடிக்கை. தொழில்நுட்பம் தனியார் நிறுவனங்களுக்குக் கைமாறி, ஜெல் சந்தைக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கொலாஜன் படலத்தைக் காயத்துக்குக் கொண்டுவந்தது இன்னொரு கிளை. அது தனிக் கதை.

டிராம்பே என்றதும் பொட்டிப்புரத்துக்காரர்கள் காதைத் தீட்டுவார்கள். அந்த மையத்தை நடத்துகிற அணுசக்தித் துறையை அந்த ஊர் அறிந்தது வேறு வழியில். அந்தத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து ஊரை ஒட்டிய அம்பரப்பர் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க வந்தன. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மலையடிவாரத்தில் வேலி விழுந்தது. ஆடுமாடு மேய்க்கப் போகிற பாதை என்ன ஆகும், கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும், கதிர்வீச்சு வருமா என்று ஊர் கேட்டது. வழக்குகள், நடைப்பயணங்கள். மதிகெட்டான் – பெரியாறு புலி வழித்தடத்தைக் காட்டி, அனுமதி தர முடியாது என்று தமிழக அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மலையைக் காக்க ஊர் கேட்ட கேள்விகள் நியாயமானவை என்பது என் கட்சி. நியூட்ரினோ நம்மை ஊடுருவி எதுவும் செய்யாமல் போகிற துகள், அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதும் என் கட்சிதான். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்கிறார்கள்.

என் வருத்தம் வேறு. ஒரு துறை ஒரு கிராமத்துக்கு வருகிறது. அந்தக் கிராமத்தில் முள் குத்திய கால், அட்டை கடித்த கால், சர்க்கரைப் புண் வந்த கால் எல்லாம் இருக்கின்றன. அந்தத் துறையின் சொந்த மையம் புண்ணுக்குக் கட்டு ஒன்று செய்து வைத்திருக்கிறது. மலையைக் கேட்டு வந்தவர்கள் முதலில் அந்தக் கட்டை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்து, "இதுவும் கதிர்வீச்சால் செய்ததுதான், பாருங்கள்" என்று காட்டியிருந்தால் பேச்சு வேறு மாதிரி தொடங்கியிருக்கும். மலையைக் கொடுத்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கதிர்வீச்சு என்ற சொல்லுக்கு ஊரில் ஒரு பொருள் மட்டும் நிலைத்துப் போயிருக்காது.

அந்தப் பயத்துக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். கோபால்ட்-60 உமிழ்கிற காமா கதிர் ஜெல்லைத் துளைத்துப் போகும். போகிற வழியில் தண்ணீர் மூலக்கூறுகளை உடைக்கும். உடைந்த துணுக்குகள் சங்கிலிகளில் கொக்கி உண்டாக்கிச் சேர்க்கும். கதிர் நின்றதும் எல்லாம் நின்றுவிடும். ஜெல்லில் கதிரியக்கம் எதுவும் தங்காது. வழக்கமாகக் கொடுக்கிற அளவு 25 கிலோகிரே; மனிதரைக் கொல்ல ஏறத்தாழ ஐந்து கிரே போதும் என்று வைத்தால் அதைப்போல ஐயாயிரம் மடங்கு. கிருமி பிழைக்காததில் வியப்பில்லை. இந்தியாவில் ஊசிமருந்துக் குழலும் பஞ்சும் இப்படிக் காமா கதிரில் தூய்மையாவது 1974-லிருந்து, டிராம்பேயின் ஐசோமெட் ஆலையில் நடக்கிறது.

கட்டை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். உறையைக் கிழித்தால் கண்ணாடி மாதிரித் தெளிவான, உள்ளங்கையளவு தகடு. விரலில் குளிர்ச்சி. இரண்டு பக்கமும் தாள் ஒட்டியிருக்கும். ஒரு தாளை உரித்துப் புண்ணின் மேல் படியவைத்தால் தானே வளைந்து உட்காரும். எரிகிற புண்ணுக்கு அந்தக் குளிர்ச்சியே பாதி நிவாரணம். உள்ளே என்ன நடக்கிறது என்று பிரிக்காமலே பார்க்கலாம். சிவப்பு மருந்து மறைத்ததை இது திறந்து காட்டுகிறது. புண் வறண்டிருந்தால் ஈரம் கொடுக்கும், கசிந்தால் ஓரளவு உறிஞ்சும். செத்த சதை ஊறித் தளர்ந்து தானே கழன்று வரும். எடுக்கிறபோது ஒட்டாது. நம் கம்பவுண்டருக்கு இதை ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தால் பெராக்சைடு புட்டியை அவரே ஓரமாக வைத்திருப்பார்.

வாரிசையும் அளவுக்கு மீறிப் புகழக் கூடாது. நிறையக் கசிகிற புண்ணில் ஜெல் வைத்தால் சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துப் பிய்ந்துவிடும். சீழ் பிடித்த புண்ணை மருத்துவர் பார்க்காமல் மூடிவிடுவது ஆபத்து. ரத்த ஓட்டம் நின்று கறுத்துக் காய்ந்த சர்க்கரைக் கால் விரலை நனைக்கவே கூடாது. அங்கே மட்டும் அப்பத்தாவின் விதி சரி. ஜெல் காய்ந்துபோகாமல் இருக்க மேலே இன்னொரு கட்டு வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கால் புண்களைப் பார்த்தார். உணர்ச்சி இல்லாத காலால் நடந்து நடந்தே அவர்கள் புண்ணைப் பெருக்குகிறார்கள் என்று கண்டார். மருந்தை மாற்றுவதைவிடக் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பகிர்ந்து விட்டபோது புண் ஆறியது. சர்க்கரைப் புண்ணுக்கும் இன்று உலகம் முழுக்க அதே வழி. எவ்வளவு உயர்ந்த ஜெல்லை ஒட்டினாலும் அதே செருப்பில் அதே காலை வைத்து ஏலக்காட்டுச் சரிவில் ஏறினால் ஆறாது. ஆனால் ஏறாவிட்டால் கூலி கிடையாது. இந்த இடத்தில் மருத்துவம் முடிந்து வேறொன்று தொடங்குகிறது.

விலையைப் பற்றி ஒரு வாதம் எப்போதும் வரும். வலைத்துணி மலிவு, ஜெல் பல மடங்கு. உண்மை. ஆனால் துணிக்கட்டைத் தினமும் மாற்ற வேண்டும். தேவாரத்துக்கோ சின்னமனூருக்கோ போய், வரிசையில் நின்று, கட்டு மாற்றித் திரும்பினால் அன்றைய ஜீப் போய்விடும். ஜெல் புண்ணைப் பொறுத்து இரண்டு மூன்று நாள் தாங்கும். துணியின் விலையோடு தவறிய கூலியையும் கூட்டிப் பார்த்தால் எது மலிவு? மருந்துக் கொள்முதல் கணக்குகளில் நோயாளியின் கூலிக்கு ஒரு பத்தி கிடையாது. அதனால்தான் அந்தக் கணக்கில் எப்போதும் துணியே ஜெயிக்கிறது.

தீக்காயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணிக் காட்டில் தீப்பிடித்து மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டதைத் தேனி மாவட்டம் மறக்காது. ஊர்க்காரர்கள் துணியில் தூளி கட்டித் தூக்கிவந்தார்கள். அங்கிருந்து போடி, தேனி, மதுரை என்று மருத்துவமனை மருத்துவமனையாகப் போயும் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைக்கவில்லை. அத்தனை பெரிய தீக்காயத்தை எந்தத் தகடும் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். காடும் கோடையும் சேர்ந்த ஒரு மாவட்டத்தில் குளிர்ந்த கட்டு முதல் மருத்துவமனையிலேயே, முதல் ஆம்புலன்ஸிலேயே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். மாவட்டத்துக்குள்ளேயே, கானாவிலக்கில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டுக் கட்டுகிற செவிலியர்களை அழைத்து, எந்தப் புண்ணை நனைக்கலாம், எதை நனைக்கக் கூடாது என்று ஒரு நாள் பயிற்சி கொடுக்க அதற்கு மலையைக் குடைய வேண்டியதில்லை, 1,500 கோடியும் வேண்டியதில்லை.

கடைசியாக அடக்கம். எத்தனையோ வீட்டு மாடத்தில், பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியின் அடித்தட்டில், அந்தச் சின்னப் புட்டி இன்னும் இருக்கும். கண்டால் பழைய நினைப்பில் யாருக்கும் தடவிவிடாதீர்கள். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். பாதரசம் எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாததல்ல. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் பாம்பாற்றுச் சோலையில் கலந்தது, அந்தத் தண்ணீர் இறங்குவது நம் கும்பக்கரைப் பக்கம்தான். மூடியை இறுக்கி, உடையாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, "பாதரச மருந்து" என்று மேலே எழுதி, பக்கத்து அரசு மருத்துவமனையில் கொடுங்கள். வாங்க மறுத்தால், உங்கள் பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் எங்கே போடுவீர்கள் என்று கேட்டு, அங்கேயே இதையும் போடச் சொல்லுங்கள்.